பக்மில் கியர் மோட்டார்: குதிரைத்திறனைக் கூட்டுவதா, கியர் பெட்டியை மாற்றுவதா?

கடையம் சூளை:

மன்றத்து அண்ணாச்சிமார் அனைவருக்கும் வணக்கம். கடையத்துக்கு அருகே எங்கள் குடும்பம் நடத்தும் செங்கல் சூளையில், மண் பிசையும் பக்மில்லின் கியர் பெட்டி குறித்து ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்ததும் செங்கல் அறுப்பு தொடங்கிவிடும் என்பதால், மார்கழிக்குள் புதிய கியர் மோட்டாரை (மோட்டாரும் கியர் பெட்டியும் சேர்ந்தே வருவது) பொருத்தி ஓட்டிப் பார்த்துவிட விரும்புகிறோம்.

இப்போதுள்ள அமைப்பு இதுதான். 15 கிலோவாட், அதாவது 20 குதிரைத்திறன் கொண்ட, நிமிடத்துக்கு 1,460 சுற்று ஓடும் மோட்டார், ரப்பர் ஸ்பைடர் வைத்த கப்ளிங் வழியாக 30-க்கு 1 விகிதமுள்ள வார்ம் கியர் (திருகு போன்ற தண்டு பல்சக்கரத்தைச் சுழற்றும் வகை) பெட்டியைச் சுழற்றுகிறது. பெட்டியின் வெளித்தண்டில் 15 பல் ஸ்பிராக்கெட்டும் (சங்கிலிப் பல்சக்கரம்) பக்மில் தண்டில் 30 பல் ஸ்பிராக்கெட்டும் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றரை அங்குல பிட்ச் உள்ள இரட்டைச் சங்கிலி இணைக்கிறது. பக்மில் தண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 24 சுற்று ஓடும். ஸ்டார்ட்டர் ஸ்டார் டெல்டா வகை, அதாவது முதலில் குறைந்த விசையில் ஸ்டாரில் கிளப்பி, பிறகு முழு விசைக்கு டெல்டாவில் மாற்றுவது. நாளுக்குப் பத்து மணி நேரம் வேலை நடக்கும்.

மண், குளத்துக் கரம்பையும் செம்மண்ணும் கலந்தது. முதல் நாளே தண்ணீர் விட்டு ஊற வைத்துத்தான் போடுகிறோம் என்றாலும், குளத்து மண்ணோடு சுக்கான் கல்லும் சீமைக்கருவேல வேரும் வந்துவிடுகின்றன. சென்ற பருவத்தில் வார்ம் சக்கரத்தின் வெண்கலப் பற்கள் மெலிந்து கூராகத் தேய்ந்துவிட்டன. புதிய சக்கரம் போட்டும் பருவம் முடிவதற்குள் அதே நிலை வந்தது. ஸ்பிராக்கெட் பக்கத்து பேரிங் உடைந்தது. ஆயில் சீல் ஒழுகுகிறது. ஓடும்போது பெட்டியின் மேல் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு இருக்கிறது. எண்ணெய், லாரிக்கு ஊற்றும் 90 நம்பர் கியர் ஆயில்தான்.

கிளாம்ப் மீட்டரில் பார்த்தால் சாதாரண ஓட்டத்தில் 21 ஆம்பியர் காட்டுகிறது. கல்லோ வேரோ சிக்கும்போது 45-ஐத் தாண்டி ஏறுகிறது. சில நேரம் மோட்டார் நின்றேவிடுகிறது. விலை கேட்ட இடத்தில், 30 குதிரைத்திறன் கியர் மோட்டாராக வாங்கிப் போட்டுவிடுங்கள், பிறகு கவலையில்லை என்கிறார்கள். பணத்தைப் போடுவதற்கு முன்னால், குதிரைத்திறனைக் கூட்டுவதுதான் சரியான வழியா, கியர் வகையை மாற்ற வேண்டுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கிச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.


கங்கைகொண்டான் பராமரிப்பு:

வணக்கம் தம்பி. ஆம்பியர் அளவை எழுதியது நல்லதாயிற்று. பாதி விடை அதிலேயே இருக்கிறது. 15 கிலோவாட் மோட்டாரின் முழுச்சுமை மின்னோட்டம் 415 வோல்ட்டில் 27, 28 ஆம்பியர் அளவில் இருக்கும். உங்கள் மோட்டார் 21 ஆம்பியரில் ஓடுகிறது என்றால், பக்மில் அதனிடம் கேட்பது ஏறக்குறைய 11 கிலோவாட்தான். ஆகவே மோட்டாரில் திறன் குறைவு இல்லை. மோட்டார் தாங்குகிறது, கியர் பெட்டி தாங்கவில்லை என்பதுதான் உங்கள் நிலைமை.

இப்போதுள்ள பெட்டியோடு 30 குதிரைத்திறன் மோட்டாரைப் பூட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். சுக்கான் கல் கத்திக்கும் தொட்டிச் சுவருக்கும் இடையே சிக்கும் நொடியில், மோட்டார் நிற்பதற்கு முன்னால் தன்னால் இயன்ற உச்ச முறுக்கு விசையைக் கொடுத்துப் பார்க்கும். சாதாரண இண்டக்ஷன் மோட்டாருக்கு இந்த உச்சம், பெயர்ப்பலகையில் உள்ள அளவைப்போல் இரண்டரை மடங்கு, சிலவற்றில் அதற்கும் மேல் இருக்கும். பெரிய மோட்டார் என்றால் பல்லின் மேல் விழும் அடியும் அந்த அளவுக்குப் பெரிதாகும். நின்றுபோகும் மோட்டார் இதுவரை பெட்டியைக் கொஞ்சமேனும் காப்பாற்றி வந்தது. 30 குதிரைத்திறன் போட்டால் அந்தக் காப்பும் போய்விடும். புதிதாக வாங்கும் கியர் மோட்டாரிலும் இதே கேள்வி உண்டு. விலைப்பட்டியலில் 30 குதிரைத்திறன் என்று போட்டிருக்கும், ஆனால் அந்த மோட்டாருக்குப் பூட்டியிருக்கும் பெட்டி சர்வீஸ் ஃபேக்டர் (அதிர்ச்சியைத் தாங்குவதற்காக வைக்கும் கூடுதல் பெருக்கம்) 1.0 அளவிலான சிறிய பெட்டியாக இருக்கும். அதை வாங்கினால் இந்தத் தொல்லையைத்தான் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம்.

கியர் மோட்டாரை முறுக்கு விசையை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கணக்கு எளிது: கிலோவாட்டை 9,550-ஆல் பெருக்கி, வெளித்தண்டின் சுற்று எண்ணிக்கையால் வகுத்தால் நியூட்டன் மீட்டரில் விடை வரும். உங்கள் பெட்டியின் வெளித்தண்டு 48.7 சுற்று, 15 கிலோவாட்டுக்கு 2,940 நியூட்டன் மீட்டர். நூற்றுக்கு 95 பங்கு திறன் கொடுக்கும் ஹெலிக்கல் (சாய்ந்த பல் வகை) அல்லது பெவல் ஹெலிக்கல் (அதோடு கூம்புப் பல்சக்கரமும் சேர்ந்த வகை) பெட்டியாக இருந்தால் கையில் கிடைப்பது ஏறத்தாழ 2,800. இதற்கு மேல் சர்வீஸ் ஃபேக்டரைப் பெருக்க வேண்டும். அமெரிக்கக் கியர் உற்பத்தியாளர் சங்கமான ஏ.ஜி.எம்.ஏ.வின் வகைப்பாட்டில், சுமையின் கடுமை கூடக் கூட, முதல் வகுப்புக்கு 1.0, இரண்டாம் வகுப்புக்கு 1.4, மூன்றாம் வகுப்புக்கு 2.0 என்று வைத்திருக்கிறார்கள். அட்டவணைகளில் பக்மில்லை நடுத்தர அதிர்ச்சி உள்ள இயந்திரமாகவும் செங்கல் அச்சு இயந்திரத்தைக் கடும் அதிர்ச்சி உள்ளதாகவும் பொதுவாகப் போடுவார்கள். ஆனால் அந்த நடுத்தரம், கல் பொறுக்கிய மண்ணுக்கானது. வேரும் கல்லும் வரும் குளத்து மண்ணுக்கு, அதுவும் தொட்டி நிறைய மண்ணோடு மோட்டாரைக் கிளப்பும் பழக்கம் இருந்தால், 2.0-க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அப்படியானால் 5,600 நியூட்டன் மீட்டர் தொடர்ந்து தாங்கும் பெட்டி வேண்டும். மோட்டார் இப்போதுள்ள 15 கிலோவாட்டே போதும்.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 30-க்கு 1 வார்ம் பெட்டி புதிதாக இருக்கும்போதே 80 விழுக்காடு அளவில்தான் திறன் கொடுக்கும். உள்ளே போகும் 11 கிலோவாட்டில் இரண்டு கிலோவாட்டுக்கு மேல் எண்ணெயைச் சூடாக்குவதிலேயே கழிகிறது. ஹெலிக்கலில் இந்த இழப்பு அரை கிலோவாட்டுக்குச் சற்றே கூடுதல். மின்கட்டணத்திலும் மணிக்கு ஒன்றரை யூனிட்டுக்குக் குறையாமல் மிஞ்சும். கை பொறுக்காத சூடு என்பது மட்டுமே பழுதின் அடையாளம் ஆகாது, ஏனென்றால் 60 டிகிரிக்கு மேல் கை தாங்காது, வார்ம் பெட்டிகளோ 80 டிகிரியிலும் ஓடக்கூடியவை. எனினும் பங்குனி, சித்திரையில் நம் பக்கம் வெயில் 38, 40 டிகிரியைத் தொடும்போது பெட்டி வெப்பத்தை வெளியே தள்ள இடமில்லாமல் திணறும். அட்டவணையில் வெப்பத் தாங்குதிறன் எந்தச் சூழல் வெப்பநிலைக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். 20 டிகிரிக்குக் கொடுத்திருந்தால் நமக்கு அது பொருந்தாது.

பேரிங் உடைந்ததற்குக் காரணம் தனி. 15 பல் ஸ்பிராக்கெட்டின் பிட்ச் விட்டம் 183 மில்லிமீட்டர்தான். 2,800 நியூட்டன் மீட்டரை அந்தச் சிறிய விட்டத்தில் இழுக்கும்போது, 20 பல்லுக்குக் குறைந்த ஸ்பிராக்கெட்டுக்கான 1.25 பெருக்கத்தையும் சேர்த்தால், தண்டை ஒரு பக்கமாக இழுக்கும் விசை 38,000 நியூட்டன், அதாவது நான்கு டன்னுக்குச் சற்றுக் குறைவு. இரட்டைச் சங்கிலி என்பதால் அந்த இழுப்பு தண்டின் தோளிலிருந்து இன்னும் வெளியே தள்ளிப் போயிருக்கும். அதையே 21 பல்லுக்கு 42 பல் என்று மாற்றினால் சுற்று விகிதம் மாறாமல், அந்த 1.25 பெருக்கமும் தேவைப்படாமல், இழுப்பு 22,000 நியூட்டனுக்கு இறங்கிவிடும். வாங்கும் பெட்டியின் வெளித்தண்டு பக்கவாட்டில் எவ்வளவு இழுப்பைத் தாங்கும் என்ற எண் விவரத்தாளில் இருக்கும். அதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். சங்கிலியே இல்லாமல், பக்மில் தண்டிலேயே நேராக மாட்டும் துளைத்தண்டுப் பெட்டியும் கிடைக்கிறது. விலை கூடுதல், ஆனால் இந்த இழுப்பு அடியோடு ஒழிந்துவிடும்.


பேட்டை லேத்:

மேலே எழுதிய அண்ணாச்சியின் கணக்கில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் வார்ம் பெட்டியை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம் என்று சொல்லவே எழுதுகிறேன். எஃகு வார்மும் வெண்கலச் சக்கரமும் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கிப் போவதால், திடீர் அடியை வார்ம் கியர் நன்றாகவே தாங்கும். பல் தேய்ந்தால் வெண்கல வளையத்தை மட்டும் புதிதாக வார்த்து, பல் வெட்டி ஏற்றிவிடலாம். இங்கே முடியாவிட்டாலும் கோவையில் ஓரிரு நாளில் வேலை முடியும். பெவல் ஹெலிக்கல் பெட்டியில் ஒரு பல் உடைந்தால், பினியனும் (சிறிய பல்சக்கரம்) சக்கரமும் ஜோடியாகவே வர வேண்டும், கம்பெனியிலிருந்து வரும்வரை சூளை நிற்கும். பருவத்தின் நடுவில் ஒரு வாரம் நின்றால் என்ன நட்டம் என்பது சூளைக்காரருக்குத் தெரியும்.

புதிய சக்கரமும் ஒரே பருவத்தில் தேய்ந்தது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது உலோகத்தை. பாஸ்பர் வெண்கலம் என்று சொல்லிப் பித்தளைக் கழிவு கலந்து வார்த்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்தது, பழைய வார்மின் மேல் புதிய சக்கரத்தை ஏற்றினார்களா என்பது. வார்மின் மேற்பரப்பு சொரசொரப்பாகிவிட்டிருந்தால், எவ்வளவு நல்ல வெண்கலமானாலும் அதைச் சுரண்டித் தின்றுவிடும். மூன்றாவது, பல் பதியும் இடம். நீலம் தடவிச் சுற்றிப் பார்த்தால், சக்கரப் பல்லின் நடுவிலிருந்து சற்று வெளியேறும் பக்கமாக உரசல் தெரிய வேண்டும். நுழையும் பக்கத்தில் உரசினால் எண்ணெய் உள்ளே போக வழியில்லை, சூடும் தேய்வும் அங்கேயே தொடங்கும். இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய சிம் தகடுகளை மாற்றி இதைச் சரிசெய்யலாம்.

புதிய பெட்டி ஹெலிக்கலாகவே வாங்குங்கள், தடையில்லை. பழைய வார்ம் பெட்டியை இரும்புக்குப் போடாமல், நல்ல சக்கரம் ஏற்றி மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள்.


பணகுடி காற்றாலை:

நான் பணகுடிப் பக்கம் காற்றாலைகளின் கியர் பெட்டிகளைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன். அங்கே இறக்கையின் மெதுவான சுற்றை ஜெனரேட்டருக்கான 1,000, 1,500 சுற்றாக ஏற்றுகிறோம். உங்கள் பெட்டி அதையே தலைகீழாகச் செய்கிறது. எண்ணெய் மட்டும் இரண்டுக்கும் பொதுவானது, ஆகவே அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

லாரியின் கிரவுன் பெட்டிக்கு ஊற்றும் எண்ணெயில், எஃகுப் பற்களைக் கடும் அழுத்தத்திலிருந்து காப்பதற்காகக் கந்தகம் சேர்ந்த கூட்டுப்பொருள் கலந்திருக்கும். வெண்கலத்துக்கு அது ஆகாது. பெட்டி சூடேற ஏற அந்தக் கந்தகம் வெண்கலத்தை அரிக்கும். மேலும் 90 நம்பர் என்பது தொழிற்சாலை அளவையில் ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 150-க்கும் 220-க்கும் இடைப்பட்ட கனம். வார்ம் பெட்டிக்கு வேண்டியது பெரும்பாலும் 460. கனம் குறைவான எண்ணெய் சூட்டில் இன்னும் நீர்த்து, பல்லுக்கும் பல்லுக்கும் இடையே நிற்காமல் வழிந்துவிடும். உங்கள் சக்கரம் மெலிந்ததில் இதற்கும் பெரும்பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். ஹெலிக்கல் பெட்டி வாங்கினால் அதற்கு 220 அல்லது 320 கேட்பார்கள். பெயர்ப்பலகையில் எழுதியிருப்பதையே ஊற்றுங்கள். பாலிகிளைக்கால் வகைச் செயற்கை எண்ணெய் ஊற்றி வந்த பெட்டியாக இருந்தால் அதனோடு சாதாரண கனிம எண்ணெயைக் கலக்கவே கூடாது, இரண்டும் ஒன்றோடொன்று சேராது.

அளவும் முக்கியம். ஒரே பெட்டியைப் படுக்க வைத்தால் ஓர் அளவு, நிமிர்த்தி வைத்தால் வேறோர் அளவு எண்ணெய் வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போதே பெட்டி எந்த நிலையில் நிற்கப்போகிறது என்று எழுதிக் கொடுத்தால், மூச்சுத்துளை அடைப்பானையும் அளவுத் திருகையும் அதற்கேற்ற இடத்தில் வைத்து அனுப்புவார்கள். சூளைத் தூசியில் அந்த மூச்சுத்துளை அடைபடுவது மிகவும் எளிது. அடைபட்டால் சூடான காற்று வெளியேற வழியின்றி ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு வரும். சீல் நிற்காமல் ஒழுகும் பெட்டிகளில் நான் முதலில் கழற்றிப் பார்ப்பது மூச்சுத்துளையைத்தான். சாயங்காலம் பக்மில்லைக் கழுவும்போது குழாய்த் தண்ணீரைப் பெட்டியின் மேல் பாய்ச்சுவதையும் தவிர்க்கச் சொல்லுங்கள். சூடான பெட்டி குளிரும்போது அந்த ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

புதிய பெட்டியின் முதல் எண்ணெயை 500 மணி நேரத்துக்குள் மாற்றிவிடுங்கள். வடித்த எண்ணெயில் காந்தம் விட்டுப் பாருங்கள். ஒட்டும் துகள் எஃகு, ஒட்டாமல் மஞ்சளாக மினுங்குவது வெண்கலம். எது தேய்கிறது என்பது பெட்டியைத் திறக்காமலே தெரிந்துவிடும்.


கடையம் சூளை:

மூவருக்கும் மிக்க நன்றி. மோட்டாரை மாற்றுவதில்லை என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டோம். மண் கொட்டும் வாயில் கம்பிச் சல்லடை வைத்துக் கல்லையும் வேரையும் பிரிக்கவும் ஏற்பாடு செய்கிறோம். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. மின்சாரம் நின்று வரும்போது தொட்டியில் மண் நிறைந்தே இருக்கிறது. ஸ்டாரில் மோட்டார் அசைவதில்லை, டெல்டாவுக்கு மாறும்போது பெரிய அதிர்ச்சியோடு கிளம்புகிறது. இதற்கு வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) போடலாமா? அடுத்தது, சங்கிலி இல்லாத துளைத்தண்டுப் பெட்டியை எங்கள் பக்மில் தண்டில் மாட்ட முடியுமா, அதற்கு என்னென்ன கவனிக்க வேண்டும்?


அம்பை மின்பணி:

முதல் ஐயத்துக்கு நான் பதில் எழுதுகிறேன். ஸ்டார் இணைப்பில் மோட்டாரின் கிளப்பு விசை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். காலியாக ஓடும் விசிறிக்கும் பம்புக்கும் அது போதும்; பிசைந்த மண் இறுகி நிற்கும் பக்மில்லுக்குப் போதாது. ஆகவே ஸ்டாரில் மோட்டார் அசையாமல் நிற்கும், டைமர் முடிந்து டெல்டாவுக்கு மாறும் நொடியில் முழு விசையும் ஒரே அடியாகப் பெட்டியில் இறங்கும். சாயங்கால நேரத்தில் வோல்டேஜ் குறைந்தால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனென்றால் முறுக்கு விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 415 வோல்ட்டுக்குப் பதில் 360 வோல்ட் வந்தால் விசையில் கால் பங்கு போய்விடும்.

வி.எஃப்.டி. தாராளமாகப் போடலாம். பம்புக்கான வகையை வாங்காமல், ஒரு நிமிடத்துக்கு 150 விழுக்காடு மிகைச்சுமை தாங்கும் கனரக வகையாக வாங்குங்கள். அதில் முறுக்கு விசை எல்லையை 150 விழுக்காட்டில் அமைத்துவிட்டால், கல் சிக்கும்போது மோட்டார் இரண்டரை மடங்கு விசையைக் காட்டப் போவதில்லை. கியர் பெட்டிக்கு இதைவிட நல்ல காப்பு வேறில்லை. சிக்கிய கல்லை விடுவிக்கச் சில நொடிகள் பின்னோக்கிச் சுற்றவும் முடியும். 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே நெடுநேரம் ஓட்டுவதாக இருந்தால் மட்டும் மோட்டாருக்குத் தனி விசிறி வேண்டும், ஏனென்றால் மெதுவாகச் சுற்றும் சொந்த விசிறி மோட்டாரைக் குளிர்விக்காது. தூசி புகாத பெட்டியில், சூளை வெப்பம் எட்டாத சுவரில் மாட்டுங்கள். வி.எஃப்.டி.க்குப் பணம் இப்போது ஒதுக்க முடியாவிட்டால், மோட்டாருக்கும் கியர் பெட்டிக்கும் இடையே ஃப்ளூயிட் கப்ளிங் (எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் இணைப்பு) வைக்கலாம். கல் குவாரி கிரஷர்களில் பல காலமாக நடைமுறையில் இருப்பது அது. பழைய பைமெட்டல் ஓவர்லோடு ரிலேயை மட்டும் நம்ப வேண்டாம். அது மோட்டாரின் சூட்டைப் பார்த்து நிதானமாகத்தான் துண்டிக்கும், அதற்குள் பல் அடி வாங்கி முடிந்திருக்கும்.


கங்கைகொண்டான் பராமரிப்பு:

துளைத்தண்டைப் பற்றி நான் சொல்கிறேன். 24 சுற்றில் நேராக மாட்டும்போது முறுக்கு விசை ஏறத்தாழ 5,700 நியூட்டன் மீட்டர், ஃபேக்டர் 2.0 என்றால் 11,400 தாங்கும் பெட்டி வேண்டும். விகிதம் 61-க்கு 1 அளவில் வரும். பேரலல் ஷாஃப்ட் ஹெலிக்கல் வகையில் இது கிடைக்கும், ஆனால் சங்கிலிக்கு வாங்கும் பெட்டியைவிட இரண்டு மடங்கு பெரிய பெட்டி என்பதை நினைவில் வைத்து விலை கேளுங்கள்.

பக்மில் தண்டின் முனையைத் துளையின் அளவுக்கு எச்6 (நுண்ணிய அளவுத் தரம்) பொருத்தத்தில் கடைந்து எடுக்க வேண்டும். இப்போதுள்ள தண்டு தேய்ந்திருந்தால் புதிய தண்டுதான். சாவி வைத்து மாட்டும் வகையாக இருந்தால், துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் துளைக்குள் அதற்குரிய பசையைத் தடவி ஏற்றுங்கள். ஷ்ரிங்க் டிஸ்க் (துளைத்தண்டை வெளியிலிருந்து நெரித்துப் பிடிக்கும் வளையம்) வைத்து இறுக்கும் வகையாக இருந்தால், இறுகும் இடத்தில் எண்ணெய்ப் பசையே இருக்கக் கூடாது. பெட்டி சுழன்றுவிடாமல் பிடிக்கும் டார்க் ஆர்மை ரப்பர் புஷ் வைத்துத்தான் சட்டத்தில் கட்ட வேண்டும். அசையாமல் போல்ட் போட்டு இறுக்கினால் தண்டின் சிறு வளைவுகூட பெட்டியின் பேரிங்கில் ஏறும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். பக்மில் கத்திகள் மண்ணை முன்னே தள்ளும்போது, அதே அளவு விசை தண்டைப் பின்னே தள்ளும். இப்போது அந்தத் தள்ளலைப் பக்மில்லின் சொந்த பேரிங் தாங்குகிறதா, அல்லது வெறும் பிளம்மர் பிளாக்கில் (தண்டைத் தாங்கும் பேரிங் கூடு) தண்டு முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். நகர்வது தெரிந்தால், முதலில் பக்மில்லின் பின்பக்கத்தில் தள்ளலைத் தாங்கும் பேரிங் ஒன்றைப் போட்டு முடித்த பிறகே துளைத்தண்டுப் பெட்டிக்கு ஆர்டர் கொடுங்கள். அந்தச் செலவு இந்த ஆண்டு கட்டுப்படியாகாது என்றால், 21-க்கு 42 பல் சங்கிலியோடு 5,600 நியூட்டன் மீட்டர் பெவல் ஹெலிக்கல் பெட்டியை வாங்குங்கள்; சங்கிலி அந்தத் தள்ளலைப் பெட்டிக்குள் கடத்தாது.